கால் பம்பா, கைப் பம்பா: கடற்கரையில் காற்றுமெத்தைக்கு எது சரி?

போன கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மூன்று வகைப் பம்பும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தன. மிதிக்கிற கால் பம்ப் நான் வாங்கியது. ஏற்றி இறக்குகிற கைப் பம்ப் மச்சானுடையது. சார்ஜ் போட்டுப் பாவிக்கிற சின்னப் பம்ப், கொழும்பிலிருந்து வந்த தங்கச்சி குடும்பம் விட்டுப்போனது. திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் மாமாவுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. வேலியைத் தாண்டினால் கடல். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில், சனிக்கிழமை இரவுகளில் அங்கே கூடாரம் அடித்துப் படுப்பது எங்கள் வழக்கம். இரண்டு பேர் படுக்கிற மெத்தை இரண்டு, பிள்ளைகளின் காற்றுப்படகு ஒன்று. ஒவ்வொரு முறையும் இந்த மூன்றுக்கும் காற்றடிக்க வேண்டும். அதனால் மூன்று பம்பையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்துவிட்டேன். நான் கால் பம்பின் பக்கம். ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கடையில் போய் ‘கால் பம்ப்’ என்று கேட்டால், பாதிக் கடைகளில் மோட்டார் சைக்கிள் ரயருக்கு அடிக்கிற இரும்புப் பம்பை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு சாமான். நமக்கு வேண்டியது துருத்தி மாதிரி மடிந்து விரிகிற பம்ப். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். எங்கள் மெத்தை 191 சென்ரிமீற்றர் நீளம், 137 அகலம், 22 உயரம். பெருக்கினால் ஏறத்தாழ 575 லீற்றர். மேலே குழி குழியாக இருப்பதால் கால் பங்கைக் கழித்தாலும் 430 லீற்றர் காற்று உள்ளே போக வேண்டும். ரயர் பம்ப் ஒரு மிதிக்குக் கால் லீற்றர் அளவில்தான் தள்ளும். அப்படியென்றால் 1,700 மிதிக்கு மேல். மூன்று லீற்றர் துருத்திக்கு 145 மிதி போதும். அரைகுறை மிதியும் வாயில் ஒழுகுகிற காற்றும் சேர்ந்து, நான் எண்ணிய நாளில் 180 போனது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

சார்ஜ் பம்பின் கதையை அதிகம் இழுக்க விரும்பவில்லை. கையடக்கமானது, முதல் மெத்தையைக் கண்மூடித் திறக்கிறதுக்குள் நிரப்பிவிடும். ஆனால் இந்த வகைச் சின்னப் பம்புகள் நிறையக் காற்றைத் தள்ளுமே தவிர அழுத்தித் தள்ளாது. மெத்தை நிரம்பியது போலத் தெரியும், ஏறிப் படுத்தால் இடுப்பு நிலத்தில் முட்டும். கடைசி இறுக்கத்துக்கு எப்படியும் இன்னொரு பம்ப் வேண்டும். அப்புறம் சார்ஜ். தோட்டத்தில் கரண்ட் இல்லை. ஒரு சனிக்கிழமை சார்ஜ் போட மறந்து போய், இருட்டில் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்தோம். காருக்குள் குத்திப் பாவிக்கிற 12 வோல்ட் பம்பும் இருக்கிறது. ஆனால் காரைக் கடற்கரை மணலுக்குள் இறக்க முடியாது, நாங்கள் போவதும் ஓட்டோவில். வாகனம் பக்கத்தில் நிற்கிற இடத்தில் படுக்கிறவர்களுக்கு அது சரிவரலாம்.

கால் பம்புக்கு உண்மையான போட்டி கைப் பம்ப்தான். நல்ல கைப் பம்ப் இரண்டு பக்கமும் வேலை செய்யும், இழுக்கும்போதும் காற்று போகும், அழுத்தும்போதும் போகும். மச்சானுடையது ஒரு தடவை ஏற்றி இறக்கினால் நாலு லீற்றர். வேகத்தில் என்னுடையதை வென்றுவிடும், அதை மறைக்கவில்லை. மச்சான் 24 வயதுப் பொடியன், அவன் அடித்தால் மெத்தை ஐந்து நிமிடம். நான் அடித்தால் இரண்டாவது மெத்தையில் முதுகு பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் பம்பின் உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான், ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிர வேண்டும். அம்மாவுக்கு அது முடியவே முடியாது. கால் பம்பை அம்மா கதிரையில் இருந்துகொண்டே மிதித்துவிடுவார். எங்கள் எட்டு வயது மகள் தென்னையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துப் படகின் ஓர் அறையை முழுதாக நிரப்பியிருக்கிறாள். ஒரு குடும்பம் கூடிச் செய்கிற வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மணலில் இரண்டுமே புதையும். கைப் பம்பை இரு காலாலும் மிதித்துப் பிடிக்க வேண்டும், அப்படியும் சரியும். கால் பம்புக்கு அடியில் ஒரு துண்டுப் பலகை போட்டால் தீர்ந்தது.

சரி, இதெல்லாம் யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. என்னை ஒரு பக்கம் சாய்த்தது இவை அல்ல. பழுதுபார்க்க முடியுமா என்பதுதான். திருகோணமலையில் பம்பைக் கொல்வது மணலும் உப்பும். கச்சான் அடிக்கிற பின்னேரங்களில் மணல் பொடியாகப் பறந்து எதற்குள்ளும் நுழையும். அதனால் எந்தப் பம்பும் பழுதாகும் என்று வைத்துக்கொண்டுதான் தெரிவு செய்ய வேண்டும். பழுதானதும் யாரிடம் போவது, என்ன சாமான் வேண்டும் என்பதுதான் கேள்வி.

கைப் பம்புக்குள் ஒரு உருளைக் குழல், அதற்குள் ஓடுகிற ஒரு பிஸ்ரன், அதைச் சுற்றி ஓ-ரிங் என்கிற றப்பர் வளையம். பிஸ்ரன் தண்டோடு ஒட்டி உள்ளே போகிற ஒரு மணல் துகள் குழலின் சுவரைக் கீறும். கீறல் விழுந்த பிறகு ஓ-ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தக் கோட்டால் காற்று பின்னுக்கு வந்துகொண்டே இருக்கும். மச்சானின் பம்ப் ஜூலையில் இப்படித்தான் ஆனது. முதலில் கரகர என்று சத்தம், பிறகு இறுக்கம், பிறகு கை சும்மா கீழே போகத் தொடங்கியது. ஓ-ரிங் மாற்றலாம் என்று டவுனில் நாலு ஹார்ட்வெயார் கடை ஏறி இறங்கினோம். தண்ணீர் மோட்டாருக்கு உள்ளவை இருக்கின்றன, ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. கிட்டத்தட்டச் சரியான ஒன்றைப் போட்டுத்தான் இன்றைக்கும் ஓடுகிறது. பம்ப் புதிதாக இருக்கும்போதே தண்டைத் துணியால் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் பூசி வந்திருந்தால் இவ்வளவு கெதியாகப் போயிராது என்று நினைக்கிறேன். வீட்டிலிருக்கிற எண்ணெயைப் பூச வேண்டாம். மோட்டார் எண்ணெயும் வாஸலினும் இயற்கை றப்பரை ஊத வைத்துவிடும்.

துருத்திக்குள் உரசுகிற பாகமே இல்லை. ஒரு மடிப்புத் தோல், உள்ளே ஒரு ஸ்பிரிங், காற்று உள்ளே வருகிற துளையில் ஒரு மெல்லிய றப்பர்த் தட்டு, அவ்வளவுதான். மிதிக்கும்போது அந்தத் தட்டு துளையை மூட வேண்டும், காலை எடுத்தால் திறக்க வேண்டும். அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் மிதிக்கிற காற்றில் பாதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஓகஸ்டில் எங்களுக்கு அதுதான் நடந்தது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், மெத்தை எழும்பவே இல்லை. துளைக்கருகே கையை வைத்தபோது உள்ளங்கையில் காற்று அடித்தது. எங்கள் பம்பில் அந்தத் துளையின் வளையத்தைத் திருகிக் கழற்றலாம். கழற்றிப் பார்த்தால் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் அந்தத் தட்டு, ஓரத்தில் வெயிலுக்கு வளைந்து, அதன் கீழே மூன்று நாலு மணல். மணலைத் துடைத்ததும் அன்றைய இரவுக்குச் சமாளித்தது. ஆனால் வளைந்த ஓரம் நிமிரவில்லை.

அடுத்த நாள் சைக்கிள் கடை அண்ணையிடம் கொண்டு போனேன். அவர் முதலில் மோட்டார் சைக்கிள் ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டித் தந்தார். அது தடிப்பு, ஸ்பிரிங் இழுக்கும்போது திறக்கவே இல்லை, துருத்தி சப்பிப் போய் நின்றது. பிறகு பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் தடவித் தடவி மெலிந்த இடமாகப் பார்த்து வெட்டினார். போட்டு மிதித்தோம், ‘டப்’ என்று மூடுகிற சத்தம் கேட்டது. அவர் காசு வாங்கவில்லை. அந்தத் தட்டுத்தான் இன்றைக்கும் இருக்கிறது. துருத்தித் தோலில் சின்னக் கிழிசல் வந்தாலும் ஒட்டலாம். தோல் றப்பர் துணியென்றால் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூஷன் பிடிக்கும். பிவிசி பிளாஸ்ரிக் என்றால் அது பிடிக்காது, மெத்தையோடு வருகிற பிவிசி ஒட்டுத்துண்டும் அதற்குரிய பசையும் வேண்டும்.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் யார் கேட்டாலும் கால் பம்பைச் சொல்கிறேன். கைப் பம்ப் பழுதானால் அதே அளவுச் சாமான் தேடி அலைய வேண்டும். துருத்தி பழுதானால் ஒரு கத்திரிக்கோலும் பழைய ரியூப்பும் போதும்.

கால் பம்ப் தோற்கிற இடமும் இருக்கிறது. துருத்தியின் மிதிதட்டு அகலமானது, எங்களுடையது 20 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வட்டம். அதன் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். உள்ளே ஒரு பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல்) அழுத்தம் ஏறினால் மிதிக்க 22 கிலோ பாரம் வேண்டும், மூன்று பிஎஸ்ஐ என்றால் 66 கிலோ. 60 கிலோ ஆள் ஏறி நின்றாலும் மிதிதட்டு இறங்காது. மெத்தைக்கும் பிள்ளைகளின் படகுக்கும் ஒரு பிஎஸ்ஐ கூடத் தேவைப்படாது என்பதால் எனக்கு இது தடையே இல்லை. காற்றடிக்கிற கயாக் வைத்திருப்பவர்களின் கதை வேறு. பத்து சென்ரிமீற்றர் அகலக் குழல் கொண்ட கைப் பம்பில் அதே மூன்று பிஎஸ்ஐக்கு 17 கிலோ பாரம் போதும். நின்று துடுப்புப் போடுகிற பலகைக்கு 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை வேண்டும், அதற்குத் துருத்தியை நினைக்கவே வேண்டாம், பலகையோடு வருகிற ஒடுங்கிய குழல் பம்ப்தான். கயாக்குக்கு நான் இரண்டே தடவைதான் அடித்திருக்கிறேன், இரண்டும் மச்சானின் பம்பால். ஆகவே அந்தப் பக்கம் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

துருத்தி எத்தனை வருடம் தாங்கும் என்பதிலும் எனக்கு அனுபவம் இரண்டு பருவம்தான். மடிப்பு ஓரங்களில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதன் பலன் அது, இப்போது நிழலில்தான் வைக்கிறோம்.

வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு மிதியுங்கள். மிதிதட்டு கொஞ்சம் இறங்கியதும் இறுகி நிற்க வேண்டும். மெல்லமாகக் கீழே இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. காலை எடுத்ததும் துருத்தி தானாக எழும்ப வேண்டும், கையால் தூக்கிவிட வேண்டிய பம்ப் வேண்டாம். காற்றை உறிஞ்சுகிற துளையிலும் குழாயைச் செருக முடியுமா என்று பாருங்கள். முடிந்தால், காலையில் மெத்தையைச் சுருட்டும்போது அதே பம்பால் மிச்சக் காற்றையும் இழுத்துவிடலாம். ஐந்து லீற்றர்ப் பம்ப் இருந்தாலும் நான் மூன்றைத்தான் எடுப்பேன். பெரியதைப் பிள்ளைகளால் முழுதாக மிதிக்க முடிவதில்லை.

பம்பின் மேல் விழுகிற ஒரு வீண்பழியையும் சொல்ல வேண்டும். பின்னேர வெயிலில் இறுக அடித்த மெத்தை நடுச்சாமத்தில் தளர்ந்தால் ஓட்டை என்று நினைக்காதீர்கள். சூடு இறங்கக் காற்று சுருங்குகிறது, புது மெத்தையென்றால் பிவிசியும் கொஞ்சம் இழுபடுகிறது. படுக்கப் போகுமுன் இருபது மிதி கூட்டினால் போதும். இருட்டில், மற்றவர்கள் தூங்கும்போது அதைப் பெரிய சத்தமில்லாமல் செய்யக்கூடியதும் கால் பம்ப்தான்.

படகுக்கு அடிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. உப்புவெளி, நிலாவெளிக் கடல் அந்த மாதங்களில் குளம் போலத் தெரியும், ஆனால் பாரமில்லாத காற்றுப்படகை அந்தக் காற்று நாம் நீந்துவதைவிட வேகமாக வெளியே தள்ளிவிடும். நாங்கள் கரையில் ஒரு கட்டையில் கயிறு கட்டாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவதில்லை.

ஒக்டோபரில் வாடை திரும்பி மழை தொடங்கியதும் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிடுவோம். பம்பின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, இரண்டு நாள் நிழலில் காயவிடுவேன். உள்ளே உப்புத் தண்ணீர் போனால் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். பக்கத்தில் இருக்கிற கொக்கியை மாட்டித் துருத்தியை மடித்து வைக்கிறதில்லை, விரித்தபடியே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவேன். சைக்கிள் கடை அண்ணை வெட்டித் தந்த இன்னொரு றப்பர் வட்டத்தைப் பொலித்தீனில் சுற்றிக் குழாயோடு கட்டியிருக்கிறேன்.