பாக்கெட் நூடுல்ஸுக்கு மதுரை ருசி: சைவ அடுப்படியில் நிலைத்தவையும் கைவிட்டவையும்

எந்தக் கம்பெனி நூடுல்ஸாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ‘மேகி’ என்றுதான் பெயர். மாதத்துக்கு ஒரு தடவை என்றால் கூட வரும் மசாலாவைக் கொட்டி இறக்கினாலே போதும். வாரத்துக்கு மூன்று நாள் அதுதான் ராத்திரிச் சாப்பாடு என்றால் இரண்டாவது மாதமே நாக்கு அலுத்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் காரியம் முடிந்தது. சைவத்தில் காரத்துக்குப் பஞ்சமில்லை, அடிருசிக்குத்தான் பஞ்சம். மிளகாய்த்தூளைக் கூட்டக் கூட்ட உறைப்புதான் ஏறும், ருசி ஏறாது. அந்தப் பள்ளத்தை நிரப்புகிறவை நான்குதான்: நசுக்கி வதக்கிய சின்ன வெங்காயம், எண்ணெய் பிரிய வதங்கிய தக்காளி, தாளிப்பு வடகம், காய்ந்த காளான்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம். பலரைக் குழப்புவது 627, 631, 635 என்ற எண்கள். இவை சுவைகூட்டிகள். 631-ஐ மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். பச்சைக் குறி போட்ட பாக்கெட்டில் அது விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பாக்கெட்டில்தான் கவனம் வேண்டும். பெயரில் கறியோ மீனோ இல்லாவிட்டாலும் சூப் பொடியில் மாட்டிறைச்சிச் சாறோ மீன் சாறோ இருப்பது சகஜம். ‘மசாலாவைத் தூக்கிப் போட்டுவிட்டு நூடுல்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்பதும் எப்போதும் சரிவராது, நூடுல்ஸ் கட்டியிலேயே சேர்த்திருப்பதும் உண்டு.

அடுத்தது தண்ணீர். 70 கிராம் கட்டிக்குச் சற்று ஈரப்பதமாக வேண்டுமென்றால் 210 மில்லி, சூப்பாக வேண்டுமென்றால் 330. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் குடிக்கிற தண்ணீரையே உலையிலும் வையுங்கள். மசாலாவில் ஏற்கெனவே உப்பு தூக்கல், கரிப்புத் தண்ணீரும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதில் கணிசமான பங்கை ஒரே பாக்கெட் தின்றுவிடும். அதனால் கீழே எங்கு வடகம் வருகிறதோ, அங்கே மசாலாவில் பாதி மட்டும்தான்.

நீண்ட நாள் புழக்கத்தில் முதலிடம் தாளிப்பு வடகத்துக்கு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் வெயிலில் காய்ந்து உருண்டையாக இருப்பது. வீட்டில் இல்லையென்றால் மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு அரை உருண்டை. முழுசாக எண்ணெயில் போடாதீர்கள், மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். விரலால் உதிர்த்து, ஒன்றரை டீஸ்பூன் நல்லெண்ணெயில், சின்னத் தீயில் போடுங்கள். முதலில் நுரைக்கும். நுரை அடங்கும்போது கடுகு வெடிக்கும். வெங்காயத் துணுக்கு கருப்பட்டி நிறத்துக்கு வந்து, வாசனை கூடம் வரை போனால் பதம். அதற்கு மேல் பத்து விநாடி விட்டாலும் வெந்தயம் கசந்துவிடும், பிறகு அதை எதைப் போட்டும் சரிக்கட்ட முடியாது. உடனே நசுக்கிய சின்ன வெங்காயம் நான்கைப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். நசுக்கினால் சாறு வெளியே வந்து சட்டியில் பிடித்துச் சிவக்கும், நறுக்கினால் அது நடக்காது. பிறகு அரைத் தக்காளி. அது குழைந்து எண்ணெய் ஓரத்தில் கசிந்த பிறகுதான் தண்ணீர். கொதித்ததும் நூடுல்ஸ், இரண்டு நிமிடம், கடைசியில் பாதி மசாலா.

பாக்கெட் மசாலாவே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு பொடி. கொத்தமல்லி விதை 4 டேபிள்ஸ்பூன், சோம்பு 2 டீஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், மிளகாய் வத்தல் 8, கிராம்பு 3, விரல்கணு நீளப் பட்டை, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. இவற்றைத் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுத்து ஆறவையுங்கள். இதோடு காய்ந்த காளான் 15 கிராம், பெருங்காயத்தூள் அரை டீஸ்பூன் சேர்த்து அரைக்க வேண்டும். 200 கிராம் பட்டன் காளானை மெல்லிசாகச் சீவிச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் அந்த 15 கிராம் கிடைத்துவிடும். அப்பளம் மாதிரி ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், பொடி பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையில் இறங்காதீர்கள். காளான் புழங்காத வீடுகளில் அதற்குப் பதில் வெயிலில் காய்ந்த தக்காளி. புளிப்புக் கொஞ்சம் தூக்கலாக வரும், அவ்வளவுதான்.

ஒரு பாக்கெட்டுக்குப் பொடி 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை. உப்பையும் சர்க்கரையையும் டப்பாவிலேயே கலந்து வைத்தால் மழைக்காலத்தில் பொடி கட்டி தட்டிப்போகும், சமைக்கும்போது போடுவதே நல்லது. பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மல்லி வாசம் எழும்பாமல் தூள் மேலே மிதக்கும். ஒரு டீஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பைக் குறைத்து, பொடியைப் போட்டு இருபது எண்ணுவதற்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மாதம் மணம் நிற்கும். மூன்றாவது மாதம் காரம் மட்டும்தான் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு சால்னா நூடுல்ஸ். பரோட்டாக் கடையில் எம்ப்டி சால்னா வாங்கி ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். எம்ப்டி என்றால் துண்டு இல்லை என்றுதான் பொருள், ஆடு இல்லை என்று பொருள் இல்லை. எலும்புச் சாறு சேர்க்கிற கடைகள் உண்டு, அதனால் சைவக்காரர்கள் வீட்டில் வைப்பதே பத்திரம். இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பட்டை, ஒரு சிட்டிகை கல்பாசி, அரை டீஸ்பூன் சோம்பு தாளித்து, 12 சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், 2 தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் விழுதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதன் காட்டம் அதிகம். மிளகாய்த்தூள் முக்கால் டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்றரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். தேங்காய் 3 டேபிள்ஸ்பூன், பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன் நைசாக அரைத்து ஊற்றி, அரை லிட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற வரை கொதிக்க வேண்டும். மீல் மேக்கர் போடுவதானால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து போடுங்கள், பிழியாவிட்டால் அந்தச் சோயா வாடை சால்னாவையே கெடுத்துவிடும். நூடுல்ஸை சால்னாவிலேயே வேகவைக்கக் கூடாது. பொட்டுக்கடலையும் நூடுல்ஸ் மாவும் சேர்ந்து கூழாகி அடிபிடிக்கும். தனியாக ஒன்றரை நிமிடம் வேகவைத்து, வடித்து, மேலே சால்னா ஊற்றுங்கள். மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

அவசரத்துக்கு இட்லிப் பொடி. வடித்த நூடுல்ஸில் 2 டீஸ்பூன் பொடி, 2 டீஸ்பூன் நல்லெண்ணெய், வேறெதுவும் வேண்டாம். சூப்பில் மட்டும் போடாதீர்கள், உளுந்து தண்ணீரை இழுத்துக் களியாகும். சாத்தூர் காராச்சேவு மேலே தூவ அருமை, தட்டு கைக்கு வந்த பிறகுதான் தூவ வேண்டும்.

நிலைக்காதவையும் உண்டு. புளிக்கரைசல் நூடுல்ஸின் ருசியையே அமுக்கிவிடுகிறது. தயிர் திரிகிறது. எலுமிச்சை பரவாயில்லை, ஆனால் அடுப்பை அணைத்த பிறகு, நான்கு சொட்டு. மசாலாவில் பெரும்பாலும் 330 என்று சிட்ரிக் அமிலம் ஏற்கெனவே இருக்கும். பீன்ஸ், கேரட்டை நூடுல்ஸோடு சேர்த்துப் போட்டால் காய் வேகும்போது நூடுல்ஸ் குழைந்திருக்கும், காயை ஐந்து நிமிடம் முந்தி போடுங்கள். முருங்கைக்கீரைக்கு அந்தக் கவலையில்லை, கடைசி ஒரு நிமிடம் போதும்.

மிச்சமாகும் பாதி மசாலாவைப் பாக்கெட்டோடு மடித்து வைத்தால் ஈரம் ஏறிக் கல்லாகிவிடும். சின்ன பாட்டிலில் கொட்டி மூடி வையுங்கள், உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஆகும்.