ஈஃபிள் கோபுரம்: உச்சிக்குப் பணம் கட்டி இரண்டாம் தளத்தோடு திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தின் லிஃப்ட் வாசல்வரை போன பிறகுதான் "இந்த டிக்கெட்டில் உச்சிக்குப் போக முடியாது" என்பது பலருக்குத் தெரியவருகிறது. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாவாக வருகிறவர்கள், பாரிஸில் தமிழர்கள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் குடியிருக்கும் உறவினரைப் பார்க்க வருகிறவர்கள், எல்லோரும் இதில் அகப்படுகிறார்கள். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் டிக்கெட் போட்டபோதே தவறு நடந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது என்பதை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கோபுரத்தின் அமைப்பு. மொத்த உயரம் 330 மீட்டர். மக்கள் ஏறக்கூடியவை மூன்று இடங்கள்: 57 மீட்டரில் முதல் தளம், 116 மீட்டரில் இரண்டாம் தளம், 276 மீட்டரில் உச்சி. தரையிலிருந்து உச்சிக்கு ஒரே லிஃப்ட் கிடையாது. இரண்டாம் தளத்தில் இறங்கி, வேறு லிஃப்டில் மாறித்தான் போக வேண்டும். டிக்கெட்டும் அப்படியே பிரிகிறது: இரண்டாம் தளம்வரை ஒன்று, உச்சிவரை ஒன்று. 2024 ஜூனில் கட்டணம் கூட்டப்பட்டபோது பெரியவர்களுக்கு லிஃப்டில் உச்சிவரை 35.30 யூரோ, இரண்டாம் தளம்வரை 22.60 யூரோ, படியேறிப் போனால் 14.20 யூரோ என்று ஆனது. அதன்பின் சிறிது ஏறியிருக்கிறது. ஆனாலும் இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது இரண்டாம் தளத்துக்கே 60 யூரோ கேட்டால் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பது உடனே தெரியும்.

இனி ஏமாற்றின் நடுப்பகுதி. தேடுபொறியில் கோபுரத்தின் பெயரைத் தட்டினால் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரங்கள்தான். அவற்றில் பல, கோபுரத்தின் படம், நிறம், "அதிகாரபூர்வ" என்ற சொல் எல்லாம் போட்டுக்கொண்ட இடைத்தரகர்களின் தளங்கள். கோபுரத்தை நடத்தும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் முகவரி, புள்ளிக்குப் பிறகு "பாரிஸ்" என்று முடியும். காம் என்றோ நெட் என்றோ முடியாது. அந்தப் புள்ளிக்கு ஒட்டி முன்னால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் "டூர் ஐஃபெல்" என்ற இரண்டு சொல்லும் ஒன்றாகச் சேர்ந்து இருக்க வேண்டும், நடுவில் கோடோ "டிக்கெட்ஸ்" என்ற சொல்லோ ஒட்டியிருக்கக் கூடாது. முகவரியை வலது கோடியிலிருந்து படித்துப் பழகுங்கள். போலித்தளம் கட்டுகிறவர்கள் இடது பக்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்கள்.

இடைத்தரகர் எல்லோரும் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே வழிகாட்டியோடு கூட்டிப்போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பயன்படுத்தும் சொற்களைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். "உச்சி விருப்பத்தேர்வு" என்றால் நீங்கள் கட்டிய பணத்தில் உச்சி இல்லை. "இருப்பைப் பொறுத்து" என்றால் அன்றைக்குக் கிடைக்காவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை. "தொகுப்பாளர் உடன் வருவார்" என்றால் ஒருவர் எங்கோ ஒரு கடைவாசலில் உங்களைச் சந்தித்து, லிஃப்ட்வரை கொண்டுவிட்டுப் போய்விடுவார், விளக்கம் சொல்ல வழிகாட்டி யாரும் வரமாட்டார். நம் ஊர் டூர் பேக்கேஜ்களில் இன்னொன்று பார்க்கிறோம்: "ஈஃபிள் டவர் போட்டோ ஸ்டாப்". அதற்குப் பேருந்தை நிறுத்திப் படம் எடுக்கவிடுவார்கள் என்று மட்டுமே பொருள். பயணத் திட்டத்தில் "இரண்டாவது லெவல்" என்றிருக்கிறதா, "மூன்றாவது லெவல்" என்றிருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது என்பதுதான் உச்சி. வாய்ச்சொல் போதாது.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்பது இவற்றிலெல்லாம் பெரிய பொய். 2018இல் கோபுரத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் எழுந்தது. அதற்குள் போக ஒரு பாதுகாப்புச் சோதனை, கோபுரத்தின் கால்களாக நிற்கும் தூண்களில் ஒன்றுக்குள் நுழைய இன்னொரு சோதனை, பிறகு லிஃப்ட் வரிசை, உச்சிக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் தளத்தில் இன்னொரு வரிசை. முன்பதிவு செய்திருந்தால் தவிர்ப்பது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான். அது அதிகாரபூர்வ டிக்கெட்டிலேயே கூடுதல் காசில்லாமல் கிடைக்கிறது.

வயது விஷயத்திலும் பணம் போகிறது. 12 முதல் 24 வயதுவரை ஏறக்குறையப் பாதிக் கட்டணம், 4 வயதுக்குக் கீழே இலவசம் (ஆனால் குழந்தைக்கும் இலவச டிக்கெட் போட வேண்டும்). பல இடைத்தரகர் தளங்களில் இளைஞர் பிரிவே இருக்காது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு முழுத் தொகை கட்டிவிட்டுப் பெற்றோர் கவனிக்காமலே போகிறார்கள்.

சரியாக வாங்குவது எப்படி? லிஃப்ட் டிக்கெட்டுகள் 60 நாள் முன்பு திறக்கும், படிக்கட்டு டிக்கெட்டுகள் 14 நாள் முன்பு. கோடை விடுமுறையில் உச்சிக்கானவை சீக்கிரம் தீரும். எனவே 60ஆம் நாளைக் குறித்துவைத்துப் பாரிஸ் நேரப்படி பாருங்கள். லிஃப்ட் தீர்ந்துவிட்டது என்றால் பதறி இடைத்தரகரிடம் ஓட வேண்டாம். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டாம் தளம்வரை 674 படி, நிதானமாக ஏறலாம். தூணடியில் நேரடிக் கவுன்டரும் உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு உச்சி கிடையாது, இரண்டாம் தளம்வரைதான். இதைச் சொல்லாமல் உச்சிக்கு விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பணம் கட்டும்போது "ரூபாயிலேயே கட்டலாமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று யூரோவைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கியினுடையதைவிட மோசமாக இருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் தூண் வாசலில் நிற்க வேண்டிய நேரம். வெளிச் சோதனைக்கு அதற்கு அரை மணி, கூட்ட நாளில் ஒரு மணி முன்பே வந்துவிடுங்கள். த்ரொக்கதேரோ மெட்ரோவில் இறங்கிப் பாலம் தாண்டி வருகிறவர்கள் ஆற்றுப் பக்கம் வெளியேறும் வாசலில் போய் நிற்கிறார்கள். உள்ளே போகும் வாசல்கள் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன, சுற்றி நடக்க வேண்டும். பெட்டி வைக்க லாக்கர் கிடையாது. கண்ணாடி பாட்டிலை விடமாட்டார்கள்.

காற்று பலமாக இருந்தாலோ கூட்டம் மிஞ்சினாலோ உச்சியை மூடுவார்கள். வேலைநிறுத்தமும் உண்டு, 2024 பிப்ரவரியில் ஆறு நாள் கோபுரமே மூடிக் கிடந்தது. நேரடியாக வாங்கியிருந்தால் திருப்பித் தரும் பணம் உங்கள் கணக்குக்கு வரும். இடைத்தரகர் வாங்கியிருந்தால் கோபுரத்தைப் பொறுத்தவரை வாங்கியவர் அவர்தான். அவரிடம்தான் நீங்கள் கேட்டு அலைய வேண்டும். குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்கு ஐரோப்பியச் சட்டத்தின் 14 நாள் ரத்து உரிமையும் பொருந்தாது.

கோபுரத்தடியில் நடப்பவை சுருக்கமாக: பாலத்தருகே மூன்று குவளைக்கு அடியில் உருண்டை தேடும் ஆட்டத்தில் ஜெயித்துக் கத்துகிறவர்கள் அவர்களுடைய ஆட்களே. கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்கள், அந்த அட்டைக்கு அடியில் உங்கள் பையைத் தடவுவார்கள். ரிக்‌ஷாவில் சொல்லும் தொகை சவாரிக்கா, ஆளுக்கா, நிமிடத்துக்கா என்று ஏறும் முன் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெளியே சொல்லுங்கள். 1925இல் விக்டர் லுஸ்டிக் என்பவன் அரசு அதிகாரியாக நடித்து இந்தக் கோபுரத்தையே ஒரு பழைய இரும்பு வியாபாரிக்கு விற்றான். வாங்கியவர் அவமானத்தால் புகார் கொடுக்கவில்லை. அதனால் லுஸ்டிக் திரும்பி வந்து இரண்டாவது முறையும் விற்கப் பார்த்தான். பணம் கட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (உச்சி என்று எழுதியிருக்கும் வரி தெரியும்படி), உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், வாசலில் மறுக்கப்பட்ட டிக்கெட்டின் படம், இந்த மூன்றையும் எடுத்து வையுங்கள். கார்டு கொடுத்த வங்கியிடம் "வாக்களித்த சேவை கிடைக்கவில்லை" என்று எழுத்தில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். ஓ.டி.பி. நீங்களே போட்டீர்கள் என்று முதலில் தட்டிக்கழிப்பார்கள், விடாதீர்கள். தளமே போலி என்றால் இந்தியாவில் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணில் அன்றைக்கே புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் பிடிக்க அந்த முதல் சில மணி நேரம்தான் உதவும்.