ரெண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்த வைஃபை கார்டும் ஒரு பழைய கேபிளும்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். திண்டுக்கல்லில் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலையில் போட்டோகிராபர் தம்பிகள் வந்து மெமரி கார்டுகளை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க அவசரப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரிசப்ஷனும் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி சாதாரணம். அதை மடிக்கணினியில் இறக்கிப் படம் பொறுக்கிவிட்டு, கீழே ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு வைஃபை வழியாக அனுப்புவேன். பெரிய ஹார்ட் டிஸ்க் அங்கேதான் இருக்கிறது. கார்டை நேராக டெஸ்க்டாப்பிலேயே சொருகலாமே என்று கேட்பீர்கள். ஹாலில் மாமியாரின் சீரியல் ஓடும்போது முந்நூறு தாலிகட்டுப் படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், தெரியும்.

அந்த 60 ஜிபி கீழே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. நொடிக்கு 11 எம்பி. 2024 ஆவணியில் ஒரே வாரத்தில் நாலு கல்யாணம் வந்தபோதுதான் பொறுமை போனது. பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சினன் பையனுக்குப் போன் போட்டேன். "மாமா, உங்க லேப்டாப்பே பழசு. வைஃபை 7 வந்திடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றான். எழுபதாயிரம் ரூபாய் யோசனையை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்! நான் வாங்கியது ரெண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு, மடிக்கணினிக்கு உள்ளே மாட்டும் ஒரு இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு. அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

கார்டுக்கு முன்னால் இந்த 5, 6, 7 கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்றே தெரியாது. முன்பெல்லாம் 802.11என், 802.11ஏசி என்று வால் மட்டும் மாறும் பெயர்கள். 2018 அக்டோபரில் வைஃபை அலையன்ஸ் அமைப்பு இவற்றுக்கு எளிய எண்களைக் கொடுத்தது. என் என்பது 4, ஏசி என்பது 5, ஏஎக்ஸ் என்பது 6. அப்புறம் 2020 ஜனவரியில் 6ஈ. அதே 6தான், 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் ஓடும். வைஃபை 7-க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. எண் கூடினால் வேகம் கூடும் என்று நினைப்போம் இல்லையா, அங்கேதான் ஏமாறுகிறோம்.

எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி மண்டபம் எவ்வளவு அகலம் என்பது சேனல் அகலம், 80 மெகாஹெர்ட்ஸ் அல்லது 160. பரிமாறும் ஆட்கள் எத்தனை பேர் என்பது ஆன்டெனா எண்ணிக்கை. ஒரு கரண்டியில் எவ்வளவு அள்ளுகிறார்கள் என்பது க்யூஏஎம் என்று போட்டிருப்பார்களே, அது. வைஃபை 5 ஒரு கரண்டியில் 8 பிட் அள்ளும், 6 பத்து பிட், 7 பன்னிரண்டு. கரண்டி பெரிசாகப் பெரிசாகக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். அதாவது ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பெரிய கரண்டி. ரெண்டு சுவர் தள்ளிப் போனால் வைஃபை 7-ம் சின்னக் கரண்டிக்குத் திரும்பிவிடும்.

ஆக, புதுக் கரண்டியால் கிடைக்கும் லாபம் கால் பங்குதான். ஆட்களை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் லாபம் இரட்டிப்பு. 80 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டு அதிகபட்சம் 433 எம்பிபிஎஸ். (எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் நான் சொல்லும் எம்பி.) ஒரு ஆன்டெனா உள்ள வைஃபை 6 கார்டு 600. இரண்டு ஆன்டெனா உள்ள பழைய வைஃபை 5 கார்டோ 867! பெட்டியில் பெரிதாக "வைஃபை 6" என்று போட்ட விலை குறைந்த மடிக்கணினி, நாலு வருஷப் பழைய மடிக்கணினியிடம் தோற்கலாம் என்பது இப்படித்தான். என்னுடையது 2020-ல் வாங்கிய ஏஎம்டி ரைசன் மடிக்கணினி. விண்டோஸ் 11-ல் வைஃபை ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்று 433 காட்டியது. ஒற்றை ஆள் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறான்.

முதலில் வாங்கியது தப்பான கார்டு. கடையில் "ஏஎக்ஸ்210 இல்ல சார், 211 இருக்கு, அதைவிடப் புதுசு, விலையும் கம்மி" என்றார்கள். எண் கூடுதல், விலை குறைவு, நான் மயங்காமல் என்ன செய்வேன். பார்க்கவும் இரண்டும் ஒன்றுபோல, 22-க்கு 30 மில்லிமீட்டர், தபால்தலை அளவுதான் இருக்கும். மாட்டிவிட்டு ஆன் செய்தால் வைஃபையும் இல்லை, ப்ளூடூத்தும் இல்லை. 211 முழுக் கார்டு இல்லையாம். வேலையில் பாதியை இன்டெல் ப்ராசஸருக்கு உள்ளேயே வைத்துவிட்டு, மீதியை மட்டும் கார்டில் கொடுக்கிறார்கள். சிஎன்விஐஓ2 என்று அந்த இணைப்புக்குப் பெயர். ஏஎம்டி மடிக்கணினியில் அதற்குப் பேச்சுத்துணையே கிடையாது. 201-ம் அப்படித்தான். ஏஎக்ஸ் வரிசையில் 200, 210 என்று பூஜ்யத்தில் முடிகிறவைதான் முழுக் கார்டுகள், பிசிஐஇ என்ற பொது இணைப்பு வழியாக ஏஎம்டியோடும் ஒத்துப்போகும். கடைக்காரர் "கவர் பிரிச்சிட்டீங்களே" என்று திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். கடைப் பெயர் வேண்டாம், விடுங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை, ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. டிரைவரை முதலிலேயே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், கார்டைக் கழற்றிய பிறகு இன்டர்நெட் இருக்காது. அடி மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றியபின், ஒரே ஒரு திருகாணி. அதைத் திருகினால் பழைய கார்டு தானாக மேலே எழும்பும். அங்கேதான் ஆச்சரியம். பழைய கார்டில் ஒரு ஒயர்தான் மாட்டியிருந்தது. இரண்டாவது ஆன்டெனா ஒயர், நுனியில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, டேப் போட்டு ஓரமாக ஒட்டிக்கிடந்தது. நாலு வருஷமாக என் மடிக்கணினியின் திரைக்குப் பின்னால் வேலையில்லாமல் ஒரு ஆன்டெனா உட்கார்ந்திருக்கிறது! எல்லா மடிக்கணினியிலும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது. சிலவற்றில் ஒரே ஒயர்தான் வரும், சில மெல்லிசு மாடல்களில் கார்டையே போர்டோடு சேர்த்து ஈயம் வைத்திருப்பார்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் அடி மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஒயர் நுனியில் இருக்கும் பித்தளை வளையம் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நேராக வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் டிக் என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கும். எனக்கு முதல் ஒயர் உடனே உட்கார்ந்துவிட்டது, இரண்டாவதுக்குப் பத்து நிமிடம் ஆனது, வியர்த்துவிட்டது.

ஆன் செய்தேன். வைஃபை 6, லிங்க் ஸ்பீடு 2402. ஆஹா என்று ஒரு கல்யாணத்தைக் கீழே அனுப்பினேன். நொடிக்கு 11 எம்பி.

அதே 11. ஒரு எம்பிகூடக் கூடவில்லை. மச்சினன் பையனுக்கு மறுபடி போன் போட்டு, "ஏன்டா, இதுக்கா காசு கொடுத்தேன்?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "மாமா, கீழ டெஸ்க்டாப் எப்படி ரவுட்டரோட கனெக்ட் ஆகியிருக்கு?" என்று கேட்டான். லேன் கேபிள். போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் இணைப்பு வேகம் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது. சிசிடிவி மாட்ட வந்த பையன் மீதமிருந்த கேபிளில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுக் கொடுத்தது. உள்ளே எட்டுக் கம்பி இருக்க, நாலை மட்டும் பிளக்கில் கிரிம்ப் செய்திருக்கிறான். கேமராவுக்கு அது போதும். 1000 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் எட்டும் வேண்டும். நூற்றைம்பது ரூபாய்க்கு ரெடிமேட் கேபிள் வாங்கி மாட்டினேன்.

இப்போது நியாயமாக ஒப்பிட வேண்டுமே என்று பழைய கார்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். (ஆமாம், அந்த வளையத்தோடு இன்னொரு தடவை மல்லுக்கட்டினேன்.) புதுக் கேபிளோடு பழைய கார்டு நொடிக்கு 30 எம்பி கொடுத்தது. 60 ஜிபிக்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. ஏஎக்ஸ்210 போட்டதும் 80 மெகாஹெர்ட்ஸில் 85 எம்பி, 160-க்கு மாற்றியபோது 105. பத்து நிமிடத்துக்குள் ஒரு கல்யாணம் முழுக்கக் கீழே இறங்கிவிடுகிறது. 105-க்கு மேல் போகாததற்குக் காரணம் கார்டு இல்லை. ரவுட்டரின் லேன் துளை கிகாபிட்தான், அதன் உச்சமே கிட்டத்தட்ட 110. வைஃபை ஒயரை முந்திவிட்டது என்று சொன்னால் எங்கள் தெரு கேபிள்காரர் நம்பவில்லை.

ஒன்றரை மணி நேரத்தை அரை மணி நேரமாக்கியது நூற்றைம்பது ரூபாய்க் கேபிள். அரை மணியைப் பத்து நிமிடமாக்கியது ரெண்டாயிரத்து இருநூறு ரூபாய்க் கார்டு. கணக்கை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். ஆனால் பின்கட்டுச் சமையலறைப் பக்கம், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பழைய கார்டு 14-ல் தடுமாறியது, இது 40 கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த 40தான்.

ரவுட்டர் பற்றி ஒரு வார்த்தை. என்னுடையது ஏஎக்ஸ்3000 வகை. அந்த 3000 என்பது 5 கிகாஹெர்ட்ஸின் 2402-ஐயும் 2.4 கிகாஹெர்ட்ஸின் 574-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. ஒரு மடிக்கணினி சாதாரணமாக இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடாது, ஆகவே அந்த மொத்தம் யாருக்கும் கிடைக்காத மொத்தம். 160-ல் இன்னொரு தொல்லை உண்டு. அந்த அகலத்துக்குள் ரேடார்கள் பயன்படுத்தும் அலைகளும் வருவதால், ரவுட்டர் உயிர் பெற்றதும் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் 5 கிகாஹெர்ட்ஸைத் திறக்கும். ரேடாருக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்ததும் "என்னங்க, வைஃபை வரல" என்று கீழேயிருந்து குரல் வரும். ஒரு நிமிடம் பொறு என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, இப்போது ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டிருக்கிறேன்.

ஏஎக்ஸ்210 உண்மையில் 6ஈ கார்டு, ஆனால் அந்த "ஈ" எனக்கு இன்றுவரை பிரயோஜனப்படவில்லை. அமெரிக்காவில் 2020 ஏப்ரலிலேயே 6 கிகாஹெர்ட்ஸில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். நான் கார்டு வாங்கியபோது இங்கே அது வீட்டு வைஃபைக்குத் திறக்கப்படவே இல்லை. 2025 மே மாதம்தான் தொலைத்தொடர்புத் துறை 5925-லிருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, வீட்டுக்குள் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த வரைவு விதிகளை வெளியிட்டது. என் ரவுட்டரிலும் அந்த அலை இல்லை. அதற்காக இன்னொரு ரவுட்டர் வாங்கும் எண்ணமும் இல்லை.

வைஃபை 7-ஐ நான் ஏன் எடுக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அதன் பெரிய கவர்ச்சி 320 மெகாஹெர்ட்ஸ் பந்தி மண்டபம். அது 6 கிகாஹெர்ட்ஸில்தான் அமையும். அந்த வரைவில் சொன்ன 500 மெகாஹெர்ட்ஸுக்குள் அப்படி ஒரே ஒரு மண்டபம்தான் அடங்கும். ஒரே நேரத்தில் இரண்டு அலைகளைப் பிடித்துக்கொள்ளும் எம்எல்ஓ வசதி நிஜமாகவே நல்ல யோசனை. ஆனால் விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பு வேண்டும், ரவுட்டரும் 7-ஆக இருக்க வேண்டும். இன்டெல்லின் பிஇ200 கார்டோ பெரும்பாலான ஏஎம்டி கணினிகளில் எடுப்பதில்லை, என்னுடையதும் ஏஎம்டிதானே. புது மடிக்கணினியில் அதுவாகவே வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்காக மட்டும் மடிக்கணினியை மாற்ற மாட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் "வைஃபை 6-ஆ, 7-ஆ" என்று கேட்பதற்குப் பதில் "2x2-ஆ, 1x1-ஆ, 160 உண்டா" என்று கேளுங்கள், அதாவது ஆன்டெனா இரண்டா, ஒன்றா என்று. பாதிக் கடைகளில் முழிப்பார்கள். டெமோ மாடலில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, netsh wlan show drivers என்று அடித்துக் கார்டின் பெயரைப் பார்த்து, போனில் தேடிவிடலாம். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஏஎக்ஸ்210-க்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அந்தக் கடுகு வளையத்துக்காக. ஏஎக்ஸ்211 மேசை டிராயரில், பழைய மெமரி கார்டு டப்பாவுக்குள் கிடக்கிறது. அதற்கு ஏற்ற இன்டெல் மடிக்கணினி யாரிடமாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். முகூர்த்த நாளுக்கு மறுநாள் மட்டும் வராதீர்கள்.