"இறக்கையை வெட்டியாச்சு, இனி பறக்காது" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்

கடலூர், பாண்டி பக்கம் கான்யூர், காக்கடீல் என்று கிளி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளியை வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து பாண்டியில் ஒரு செல்லப்பிராணிக் கடை 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. கிளியே போயிருக்கும்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். வளர்ப்பது ஒரு சன் கான்யூர். மகள் வைத்த பெயர் மாம்பழம். நிறத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள். எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். கத்தினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வீட்டுக்குள் தோளை விட்டு இறங்காது. அதனால்தான் வெளியேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கடையில் "அவுட்டிங் பேக்கேஜ்" என்றார்கள். இறக்கை வெட்டுவது (அதாவது பறக்கும் இறகுகளைக் கத்தரிப்பது), ஒரு ஹார்னஸ் (உடம்பில் மாட்டிக் கயிற்றால் பிடித்துக்கொள்ளும் பட்டை), பத்து நாள் பயிற்சி எல்லாம் சேர்த்து. "வெட்டினா எங்கயாவது போயிடாதா?" என்று கேட்டேன். அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஜோசியக்காரர் கிளி பாத்ததில்லையா சார்? கூண்டைத் திறந்தா நடந்து வந்து சீட்டு எடுத்துக் குடுத்துட்டுத் திரும்ப உள்ள போகுதே, அதே மாதிரிதான்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. போதாததற்கு, பின்னறையில் நம்ம ஊர்ப் பச்சைக்கிளிக் குஞ்சு இருப்பதாகவும், வேண்டுமென்றால் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை விற்பதும் குற்றம், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அதைத் துணிந்து செய்கிறவர் மற்ற விஷயத்தில் மட்டும் நியாயமாக இருப்பாரா? அப்போது தோன்றவில்லை. பில் கேட்டதற்கு "ஜிபே பண்ணிடுங்க சார், அதுவே ரெக்கார்டுதானே" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்துக் கிளியை வாங்கி வந்தோம். அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு சில்வர் பீச். கூட்டம், பஜ்ஜிக் கடை, பட்டம் விடும் பிள்ளைகள், நல்ல கடற்காற்று. தோளில் மாம்பழம். பத்து நிமிஷம் ராஜா மாதிரிதான் நடந்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாய் குரைத்தது. அவ்வளவுதான், தோளில் ஒரு உதை, கையில் கயிற்றின் பாதி. மீதிப் பாதி கிளியோடு போய்விட்டது.

வெட்டிய இறக்கையோடு அது பறந்ததா என்றால், பறந்தது என்று சொல்ல முடியாது. தட்டாமாலை சுற்றுகிற மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. ஒருமுறை தரையில் நெஞ்சு அடிபட விழுந்தது. ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் காற்று மறுபடி தூக்கிவிட்டது. பார்க்கிங்கைத் தாண்டி தேவனாம்பட்டினம் வீடுகள் பக்கம் மறைந்துவிட்டது. சாயங்காலக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்ததால் பிழைத்தோம். விடியற்காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து அடிக்கும். அந்த நேரத்தில் போயிருந்தால் நேராகத் தண்ணீரில்தான் விழுந்திருக்கும்.

இருட்டும் வரை தெருத் தெருவாகக் கூப்பிட்டோம். மகள் அழுத அழுகையை எழுத வேண்டாம். கூண்டை எடுத்து வந்து, அது கத்தும் வீடியோவைப் போனில் சத்தமாக ஓடவிட்டோம். பதில் இல்லை. இரவு பத்தரைக்கு வீடு திரும்பினோம். பூனை, ஆந்தை என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு தூங்கவே இல்லை.

மறுநாள் விடியும்போதே போய் நின்றோம். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா, "கிளி தேடுறியா தம்பி? அங்க பாரு, காக்கா இந்தக் கத்து கத்துதே, சும்மா கத்துமா?" என்றார். ஒரு வீட்டுக் கொல்லையில் பூவரச மரம். சுற்றிலும் இருபது காக்காயாவது இருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாம்பழம், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. தொங்கிய கயிறு கிளையில் மூன்று சுற்று சுற்றியிருந்தது. அந்த வீட்டுப் பையன் ஏறித் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்தான். பையனின் விரலைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது என்பது தனிக் கதை.

அன்றே பாண்டி குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் இரண்டு இறக்கையையும் விரித்து என்னைப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் நானே பார்த்தேன். வெட்டியது இடது பக்கம் மட்டும். வலது பக்கம் அப்படியே முழுசாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் கிளியால் சமநிலையே வைக்க முடியாது, இறங்கத் தெரியாமல் விழும், நெஞ்செலும்பு அடிபடும் என்றார். என் கிளிக்கு அங்கேதான் தோல் பிளந்திருந்தது. புதிதாக முளைத்துவரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடுமாம். அப்படி ஒன்றையும் கத்தரித்திருந்தார்கள். அடியில் கருப்பாக ரத்தம் உறைந்திருந்தது. இரண்டு பக்கமும் சரியாகவே வெட்டினாலும் கிளி பறக்காது என்று அர்த்தமில்லை, சறுக்கிக்கொண்டு தூரம் போகும், காற்று இருந்தால் மேலேயும் ஏறும், இறகு உதிர்ந்து புதிது முளைத்தால் பழையபடி பறக்கும் என்றார். வெட்டச் சொன்ன பாவம் என்னுடையதுதான். ஆனால் காசு வாங்கியவர் இதில் ஒரு வார்த்தைகூட எனக்குச் சொல்லவில்லை.

அடுத்தது ஹார்னஸ். அது கிளிக்கானதே இல்லை, முயல்குட்டிக்குப் போடுவது என்றார் டாக்டர். பட்டை கழுத்தைச் சுற்றிப் போகிறது. கிளிக்கு உடம்பையும் இறக்கை அடியையும் சுற்றித்தான் இருக்க வேண்டும்; கழுத்து இறுகக் கூடாது. கயிறு சாதா நைலான். கான்யூர் அலகுக்கு அது நூல்கண்டு மாதிரி. பாதி கடித்துத் தின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நல்ல ஹார்னஸாக இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமாம். எங்கள் கிளி அதைப் பார்த்தாலே பின்வாங்கியது. அந்தப் பத்து நாளும் கடையில் என்ன பயிற்சி நடந்ததோ!

காலில் சங்கிலி போடலாமா என்றும் கேட்டேன். மிரண்டு பாயும்போது கால் உடையும், வேண்டவே வேண்டாம் என்றார். வெளியே கொண்டுபோகக் கம்பிக் கூண்டுதான் நல்லது. கதவில் தனிக் கொக்கி, பாதி மூடிய துணி, உள்ளே தண்ணீர். கிளிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூட விடக்கூடாது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது சார்" என்றார். வெட்டியது உயிரா, இறகா என்று கேட்டேன். "நீங்கதான் சரியா பிடிக்கல" என்று பேச்சை முடித்துவிட்டார். 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டதும் குரல் மாறியது. சான்று மட்டும் கண்ணில் படவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, அதனால் தயங்க வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும், "பேக்கேஜ்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், டாக்டர் எழுதிய சீட்டும். கடைப் பெயரைப் புகார் முடியும் வரை எழுதப் போவதில்லை.

உங்கள் கிளிக்கும் பாண்டியில் இப்படி வெட்டியிருந்தால், இன்றைக்கே இரண்டு இறக்கையையும் விரித்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். மாம்பழத்துக்கு இடது பக்கம் மூன்று இறகு முளைத்துவிட்டது. எல்லாம் முளைத்துவிட்டால் அப்புறம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.