சைக்கிளுக்கு டியூப்லெஸ் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"டியூப்லெஸ் ஆக்கிடலாம் சார், இனி பஞ்சர் பேச்சே கிடையாது" என்று சொல்லி, ஒரு சைக்கிள் கடையில் என் ஹைப்ரிட் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 7,000 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் டியூப்லெஸ் டயர், ரிம் டேப், வால்வு, இறக்குமதி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) எல்லாம் வரிசையாக இருந்தன. சக்கரத்தில் இருந்தது வேறு.

மறுநாளிலிருந்தே காலையில் டயர் தொய்ந்து கிடக்கும். கேட்டால், "புதுசுல அப்படித்தான், சீலன்ட் செட் ஆகணும்" என்பார்கள். ஒரு நாள் வேகத்தடைக்குப் பக்கத்தில் திரும்பும்போது முன்டயர் 'பட்'டென்று ரிம்மை விட்டு விலகியது. கால் முழுக்கப் பச்சைத் திரவம். வேகம் குறைவாக இருந்ததால் முட்டி தப்பித்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தோம். ரிம் டேப் இருக்க வேண்டிய இடத்தில் எலக்ட்ரிஷியன் ஒட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்! அதுவும் சுருங்கி, ஓரத்தில் பிய்ந்து, ஸ்போக்ஸ் ஓட்டைகள் பாதி திறந்தே கிடந்தன. வால்வு, பழைய டியூப்பிலிருந்து வெட்டி ஒட்டியது. பச்சைத் திரவம் மோட்டார் பைக் டயருக்கு ஊற்றுவது. டயரின் பக்கச்சுவரில் 'டியூப்லெஸ் ரெடி' என்ற எழுத்தே இல்லை.

டியூப் போட்ட சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைப்பது டியூப்தான். டேப், ஸ்போக்ஸ் முனை குத்தாமல் காப்பதோடு சரி. டியூப்லெஸ்ஸில் அந்த டேப்பே சுவர். ஒரு சுருக்கம் இருந்தாலும் காற்று அது வழியாக ரிம்முக்குள் போய்விடும். அதேபோல டயரின் விளிம்பு ரிம்மில் இறுகி உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். அதற்கென்றே செய்த டயரும் ரிம்மும் வேண்டும். சாதா டயரின் விளிம்புக்கு அந்தப் பிடிப்பு இருக்காது, எனக்கு நடந்தது அதுதான்.

டியூப்லெஸ்ஸையே குறை சொல்லவில்லை. நம்மூர் கருவேல முள் குத்தினால் சீலன்ட் தானாக அடைத்துவிடும், பலமுறை நமக்குத் தெரியவே தெரியாது. காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், குண்டும் குழியுமான ரோட்டில் இடுப்புக்கு நிம்மதி. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும் தொல்லையும் இல்லை. ஆனால் கடைக்காரர் சொல்லாத பக்கமும் உண்டு. லேடெக்ஸ் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். திரும்ப ஊற்ற வேண்டும். டயர் பெரிதாகக் கிழிந்தால் அது உதவாது, ஒரு டியூப்பும் பம்பும் பையில் இருந்தே ஆக வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடையில் இதைத் தொடவும் தயங்குவார்கள்.

போடுவதென்றால் முதலில் ரிம்மிலும் டயரிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டேப் ஒட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், ஓரத்திலிருந்து ஓரம்வரை மூடியிருக்க வேண்டும். சீலன்ட் பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். "உள்ளே வேலை நடக்குது, அரை மணி கழிச்சு வாங்க" என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிரித்தபோது எடுத்த போட்டோக்களோடு அந்தக் கடைக்குப் போனேன். "டியூப்லெஸ்னா இப்படித்தான் சார்" என்ற அதே பாட்டு. கடைசியில் டேப்புக்கான பணத்தை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் இன்னும் வரவில்லை.