பெரம்பூரிலிருந்து ஒரு ரக்பி சீசன்: செப்டம்பர் முதல் ஜூன் வரை

2024 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜூன் வரை இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் ரக்பியை முழு சீசனும் வீட்டிலிருந்தே பார்த்தேன். மொத்தம் பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் 18 லீக் ஆட்டங்கள். நான் பிடித்துக்கொண்டது பாத் அணியை. 2021-22 சீசனில் கடைசி இடத்தில் கிடந்தவர்கள். 1996க்குப் பிறகு அதுவரை லீக் பட்டம் வென்றதே இல்லை. அது போதும் எனக்கு.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அங்கே மூன்று மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். வெள்ளி இரவு ஆட்டம்தான் பாடு. நள்ளிரவு தாண்டி ஒன்றே காலுக்குத் தொடங்கும். நான் சந்தா கட்டிய செயலி இரண்டு முறை பாதி ஆட்டத்தில் நின்றுபோனது. புகார் எழுதினேன், பதிலே வரவில்லை.

முதல் மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோள் கோத்து முட்டுவார்கள், நடுவர் விசில் ஊதுவார், ஏன் என்று தெரியாது. அப்பாதான் வழி காட்டினார். ஊரில் சடுகுடு ஆடியவர். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பந்தைப் பார்க்காதடா. பிடிக்கிறவன் தலையை எந்தப் பக்கம் வைக்கிறான்னு பாரு. ஓடுறவனுக்கு முன்னாடி வச்சா கழுத்து போயிடும்" என்றார். அப்புறம் எனக்கு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. தோளுக்குக் கீழே பிடிக்க வேண்டும், கையைச் சுற்றிக் கட்ட வேண்டும் என்ற விதிகளெல்லாம் அவருக்குச் சொல்லாமலே புரிந்தன.

லீக் பட்டியலின் புள்ளிக் கணக்கும் அருமை. வென்றால் 4. நான்கு டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தால் கூடுதலாக 1. ஆட்டத்தில் ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றாலும் 1 உண்டு. அதனால் தோற்கிற அணியும் கடைசி நிமிடம் வரை விடாமல் முட்டும்.

பிப்ரவரியில் லீக் ஆட்டங்களுக்கு இடைவெளி. வீரர்கள் தங்கள் நாட்டு அணிகளுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பாத் அணியின் ஃபின் ரஸ்ஸல் ஸ்காட்லாந்துக்காரர். பிப்ரவரி 22, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு கிளப்பின் 270 வெள்ளி ரூபாய் நாணயங்களை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடி மூன்றும் நாகம், மூடிமேல் யானை. கடைசி நேரத்தில் ஸ்காட்லாந்து டிரை அடித்து ஒரு புள்ளி இடைவெளிக்கு வந்தது. டிரைக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உதையை ரஸ்ஸல் உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. 16-15, இங்கிலாந்துக்கு வெற்றி. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த உதையைப் பார்த்திராவிட்டால் ஜூன் 14 இறுதி ஆட்டம் எனக்கு வெறும் ஒரு ஆட்டம்தான். பாத்துக்கு எதிராக லெஸ்டர். இரவு ஏழரை, சனிக்கிழமை. ரஸ்ஸல் உதைக்க வரும்போதெல்லாம் அப்பா தட்டைக் கையில் வைத்தபடி சாப்பிடாமல் இருந்தார். லெஸ்டரின் டான் கோல் அவர்மேல் தாமதமாக மோதி மஞ்சள் அட்டை வாங்கியதும், "பந்து காலை விட்டுப் போனப்புறம் என்ன மோதல்?" என்று அப்பா எழுந்தே விட்டார். கோலுக்கு அதுதான் கடைசி ஆட்டம், பாவம். 23-21, பாத் ஜெயித்தது. 29 வருடம்!

அடுத்த சீசனுக்கு ஒரே ஒரு மாற்றம். வெள்ளி இரவு தூங்கிவிட்டு, போனைத் தொடாமல், காலையில் காபியோடு பதிவைப் பார்க்கப் போகிறோம். அப்பாவும் சரி என்றுவிட்டார்.