எடை மெஷினா, இன்ச் டேப்பா?

சென்னை தி.நகர் நடேசன் பூங்காவில் தினமும் நடந்தும் எடை இறங்கவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்காக இது.

செலவு: டேப்தான் மலிவு. ரங்கநாதன் தெருவில் சில்லறைக் காசுக்கே கிடைக்கும்.

சுலபம்: மெஷின். ஏறி நின்றால் போதும்.

நம்பகம்: முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால், உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். காலையில் மெஷின் கூடுதலாகக் காட்டும். அது கொழுப்பு இல்லை, தயவுசெய்து நடையை விட்டுவிடாதீர்கள். டேப்பை, மூச்சை விட்டபின், தொப்புள் மட்டத்தில் இறுக்காமல் சுற்றுங்கள். எடை நகராத வாரங்களிலும் வயிறு குறைவது இதில் தெரியலாம். இந்த வயிற்றுச் சுற்றளவு நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

எண்ணைப் பார்த்து மனம் தளர்கிறவர்களுக்கு டேப், மாதம் இருமுறை. டாக்டர் எடை கேட்டிருந்தால் மெஷின். அதுவும் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில்.